இருபது நிமிடம், ஒரு கட்டுரை, ஒரு வேலை

தாத்தாவிடம் கைரேகை கேட்டார்கள். பேத்தியிடம் கட்டுரை கேட்கிறார்கள்.

கோலார் தங்கவயலில் 1930-ஆம் ஆண்டு சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளிகளைக் கைரேகை எடுத்துப் பதிவு செய்யக் கிளம்பியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் நீண்ட வேலைநிறுத்தம் அது. அன்றைக்குச் சுரங்க ஷாஃப்டில் இறங்க எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உடம்பில் வலு இருந்தால் போதும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு அந்த வாசல் அடைபட்டது. இப்போது தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகளுக்கு வேலைக்கான வாசல் ஒரு கம்ப்யூட்டர் திரை. மேலே ஒரு தலைப்பு, கீழே ஒரு காலிப் பெட்டி, மூலையில் குறைந்துகொண்டே வரும் நேரம்.

கேம்பஸ் இன்டர்வியூ என்றதும் வீடுகளில் பேசப்படுவது ஆப்டிடியூட், கோடிங், குரூப் டிஸ்கஷன், ஹெச்.ஆர். ரவுண்டு ஆகியவைதான். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்துத் தேர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கிலீஷ் பேப்பரில் பாஸாகிவிட்ட பிள்ளை இருநூறு சொல் எழுதமாட்டாளா என்ற நினைப்பு. உரிகத்தில் இருக்கும் டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. படித்தாலும், ராபர்ட்சன்பேட்டையில் பி.காம். படித்தாலும், பெங்களூருக்கு ரயிலேறிப் போய் பி.சி.ஏ. படித்தாலும் இந்த அலட்சியம் ஒன்றுதான். கணக்கில் தேறி, கோடிங்கையும் சமாளித்துவிட்டு, கட்டுரையில் கழன்றுபோகிறவர்களுக்கு எதில் போனது என்றே தெரியாது. ரிசல்ட் மெயிலில் காரணம் எழுதி அனுப்பும் வழக்கம் கம்பெனிகளுக்கு இல்லை.

தேர்வின் உருவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விப்ரோவின் நேஷனல் டேலன்ட் ஹன்ட் தேர்வில் கட்டுரைக்கு இருபது நிமிடம். டி.சி.எஸ். சில ஆண்டுகள் பத்து நிமிடத்தில் ஓர் இமெயில் எழுதச் சொன்னது. சூழ்நிலையையும் சில சொற்றொடர்களையும் அவர்களே கொடுப்பார்கள், எல்லாவற்றையும் பயன்படுத்தி ஐம்பது சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும். பிறகு அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பி.பி.ஓ. நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் வெர்சன்ட் எழுத்துத் தேர்வில் ஒரு சின்னப் பத்தியை முப்பது விநாடி காட்டி மறைத்துவிட்டு, தொண்ணூறு விநாடியில் அதைத் திரும்ப எழுதச் சொல்வார்கள். படித்ததை அப்படியே ஒப்பிக்க முடியாது. யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் என்று பிடித்துக்கொண்டு நம் சொல்லில் எழுதவேண்டும். ஆம்கேட்டில் எழுத்துக்கென்றே ரைட்எக்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. ஆகவே எந்தக் கம்பெனி வருகிறதோ அதன் மாதிரித் தேர்வை அந்த வருடத்துச் சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை. நான்கு வருடம் பழைய பி.டி.எஃப். ஒன்று வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி உட்காரக் கூடாது.

தங்கவயல் பிள்ளைகளுக்கு மொழி வராது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஸ்கூலிலும் ஆபீஸிலும் கன்னடம், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் உருது என்று ஒரே நாளில் நாலைந்து மொழியைத் தொட்டுவிட்டு வருவார்கள். வெள்ளைக்காரன் 'லிட்டில் இங்கிலாந்து' என்று கொண்டாடிய ஊர் என்பதால் பேச்சு இங்கிலீஷுக்கும் இங்கே கூச்சம் குறைவு. ஆனால் நாலு மொழியிலும் வாய் ஓடும், ஒன்றிலும் கை ஓடாது. தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது. கன்னடம் எழுதுவது எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி.யோடு முடிந்துபோகும். இங்கிலீஷில் எழுதியதெல்லாம் நோட்டில் இருந்ததை மனப்பாடம் செய்து பேப்பரில் இறக்கியது. தானாக யோசித்து ஒரு பக்கம் எழுதும் பழக்கம் எந்த மொழியிலும் ஏற்படவில்லை. கட்டுரைத் தேர்வில் தடுக்குவது அந்த இடத்தில்தான், கிராமரில் அல்ல.

இந்த மண்ணுக்கு எழுத்து புதிதா என்றால் அதுவும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகைக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. அங்கே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பண்டிதர் வழியில் பௌத்த சங்கங்கள் நடந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்தார். பிற்பாடு, 1926-லிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலை புத்தகங்களும் போட்டது. பூமிக்கடியில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படித்தும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டியும், அதற்குக் கடிதம் எழுதியும் வாழ்ந்த ஊர் இது. அந்தத் தலைமுறைக்கு எழுதும் பொருளை யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கூலி, சாதி, மதம், சட்டம் என்று எல்லாமே சொந்த விஷயம்.

இன்றைய பிள்ளைக்குக் கோச்சிங்கில் கொடுப்பது டெம்ப்ளேட். 'இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று ஒரு தொடக்கம், 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' என்று ஒரு நடு, 'டு கன்க்ளூட்' என்று ஒரு முடிவு. நடுவில் தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியது. சோஷியல் மீடியா, மொபைல், பெண் கல்வி, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதே சட்டை. ஒரே கல்லூரியில் அறுபது பேர் அதே வரியோடு தொடங்கினால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும் என்பதைக் கற்றுக்கொடுப்பவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

படிப்பது மனிதர்தானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல தேர்வுகளில் முதல் வடிகட்டல் மென்பொருளுடையது. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்ற பேராசிரியர் 1966-லேயே கட்டுரை திருத்தும் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கினார். 1999-ல் ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளுக்கு மார்க் போடும் வேலையில் இ-ரேட்டர் என்ற மென்பொருள் சேர்ந்தது. இந்த வகை மென்பொருள்கள் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை, சொல்வளம், நீளம், பத்திகளின் தொடர்ச்சி, தலைப்போடு உள்ள பொருத்தம் போன்றவற்றை எடைபோடும். சொல்வது உண்மையா என்று அவற்றுக்குத் தெரியாது. எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி நடத்திய லெஸ் பெரல்மன் இதை வைத்து வேடிக்கையே காட்டினார். 2014-ல் மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்று ஒரு நிரல் செய்தார். இரண்டு மூன்று வார்த்தை கொடுத்தால் தலையும் வாலும் இல்லாத கட்டுரையைப் பெரிய பெரிய சொற்களில் அது எழுதித் தள்ளும். அந்த உளறலுக்கு மென்பொருள்கள் நல்ல மார்க் போட்டன.

இதைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வரும்: நாமும் பெரிய சொல்லாகப் போட்டு மெஷினை ஏமாற்றிவிட்டால் என்ன? வேண்டாம். பெரல்மனின் நிரல் இலக்கணப் பிழை விடாது, நாம் விடுவோம். பொருள் பிடிபடாத சொல்லை நீள வாக்கியத்தில் நுழைத்தால் பிழை இரட்டிப்பாகும், மெஷின் அதைத்தான் முதலில் எண்ணும். தப்பித் தவறித் தேறிவிட்டாலும், ஹெச்.ஆர். மேஜையில் அந்தக் கட்டுரையின் அச்சுப்பிரதி இருக்கக்கூடும். 'நீங்கள் எழுதிய இந்த வரிக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் அங்கே டெம்ப்ளேட் உதவாது.

அப்படியானால் என்ன எழுதுவது? ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டே பார்த்துவிடலாம். 'வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா?' என்பது அடிக்கடி வரும் வகை. டெம்ப்ளேட் பிள்ளை 'டெக்னாலஜி பிளேஸ் அ வைட்டல் ரோல்' என்று ஆரம்பித்து, கொரோனாவைத் தொட்டு, நன்மை மூன்று தீமை மூன்று அடுக்கிவிட்டு எழுந்துவிடுவான்.

ஆண்டர்சன்பேட்டைக்காரன் இந்தத் தலைப்பில் பெங்களூர்க்காரனைவிட எவ்வளவோ மேலே இருக்கிறான், அது அவனுக்கே தெரிவதில்லை. மாரிக்குப்பத்தில் இருட்டு பிரியும் முன்னே கிளம்பும் ரயிலில் அவன் அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ தினமும் போகிறார்கள். பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சேர தொண்ணூறு கிலோமீட்டர் வாக்கில், இரண்டு மணி நேரத்துக்கு மேல். திரும்ப அதே தூரம். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் ரயிலில் போகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய மைனிங் லைன் வீடு. முன்னறை, பின்னறை, அவ்வளவுதான். அஞ்சு பேர் இருக்கும் வீட்டில் டிவி ஓடும்போது எங்கே உட்கார்ந்து மீட்டிங் பேசுவது? கரன்ட் போனால் என்ன செய்வது? புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து ஸீட்டில் கேட்க யார்?

இந்த இரண்டு பக்கமும் கையில் வந்தவுடன் ஒரு முடிவும் தானே வருகிறது: முதல் வருடம் ஆபீஸ், வேலை பழகிய பிறகு வாரத்தில் சில நாள் வீடு. கட்டுரைக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு நிலைப்பாடு, அதற்கு இரண்டு காரணம், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு மரியாதை, ஒவ்வொரு காரணத்துக்கும் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம். முதல் பத்தி இப்படி இருந்தால் போதும்: 'என் ஊரிலிருந்து தினமும் ஏராளமானவர்கள் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பயணத்தில் மட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகிறது. அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பெரிய உதவி. ஆனாலும் புதிதாகச் சேர்பவர்கள் முதல் வருடம் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்றே நினைக்கிறேன்.' நாலு வாக்கியம், எதிலும் கடினமான சொல் இல்லை. ஏழாம் வகுப்பு இங்கிலீஷில் இதை எழுதிவிடலாம். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதேபோல் 'வளர்ச்சியா, சுற்றுச்சூழலா' என்று கேட்டால் அமேசான் காட்டுக்கு ஓட வேண்டியதில்லை. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மூன்று கோடி டன்னுக்கும் மேல் சயனைடு மலைகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்தத் தூசு எந்தத் தெருவுக்கு வரும் என்று அங்கே வளர்ந்தவனுக்குத் தெரியும். 'டெக்னாலஜி வேலையைப் பறிக்கிறதா' என்றால் இந்த ஊரில் அதற்கும் சாட்சி இருக்கிறது. 1902-ல் காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் அதனால் செழித்தது. நூறு ஆண்டு கழித்து ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி, பாறையில் தங்கம் குறைந்து, செலவு வரவை விழுங்கியதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். வேலையைப் பறித்தது மெஷின் அல்ல, கணக்கு. இப்படி ஒரு வாதம் எந்தக் கோச்சிங் நோட்டிலும் கிடைக்காது. (தங்கவயலின் பெயரில் 'கே.ஜி.எஃப்.' சினிமா வந்தபிறகு 'கே.ஜி.எஃப்.பா!' என்று இன்டர்வியூ எடுப்பவரே கண்ணை விரிக்கிறார் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இனாம். அதைக் கட்டுரையிலும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

ஓர் எச்சரிக்கை. நிச்சயமில்லாத எண்ணை எழுதக் கூடாது. 'அக்கார்டிங் டு அ சர்வே, செவன்டி பர்சென்ட்' என்று ஆகாயத்திலிருந்து புள்ளிவிவரம் பறித்துப்போடுவது மாணவர்களிடையே தொற்றுநோய் மாதிரி பரவியிருக்கிறது. எண் தெரியாவிட்டால் பார்த்ததை எழுதலாம்.

இருபது நிமிடத்தை எப்படிச் செலவு செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் மூன்று நிமிடம் பெட்டியில் ஒரு வரிகூட அடிக்கக் கூடாது. ரஃப் பேப்பர் கொடுத்தால் அதில், கொடுக்காவிட்டால் மனசில், தமிழிலேயே யோசித்து நாலு குறிப்பு. நான் எந்தப் பக்கம்? ஏன்? யாரைப் பார்த்துச் சொல்கிறேன்? எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்? இங்கிலீஷ் தேர்வுக்கு இங்கிலீஷில்தான் யோசிக்கவேண்டும் என்று டிரெய்னர்கள் சொல்வார்கள். யோசனை எந்த மொழியில் வேகமாக வருகிறதோ அதில் வரட்டும், வாக்கியத்தை மட்டும் இங்கிலீஷில் கட்டினால் போதும். கடைசி நாலு நிமிடம் படித்துப் பார்ப்பதற்கு. நடுவில் இருக்கும் பதின்மூன்று நிமிடத்தில்தான் எழுத்து.

இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒரு தடை வந்து நிற்கிறது: டைப்பிங். ஃபோனில் கட்டைவிரலால் மின்னலாக அடிக்கும் பிள்ளை கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து சொல் அடிப்பவருக்கு இருநூற்றைம்பது சொல் அடிக்கவே பதினேழு நிமிடம் ஆகும். யோசிக்க நேரம் எங்கே? முப்பது சொல் வேகம் வந்துவிட்டால் எட்டரை நிமிடத்தில் முடியும். ஒரு காலத்தில் ஆபீஸ் வேலைக்குப் போக நினைத்தவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஜூனியர், சீனியர் முடித்துவிட்டுத்தான் அப்ளிகேஷனே போடுவார்கள். அந்தப் படிப்பை நாம் பழசு என்று ஒதுக்கிவிட்டோம். வீட்டில் லேப்டாப் இல்லாவிட்டால் கல்லூரி லேபில் தினம் அரைமணி நேரம் பத்து விரலையும் பழக்குவது, புதிதாக நூறு சொல் மனப்பாடம் செய்வதைவிட அதிக மார்க் தரும். ஸ்பெல்-செக் இல்லாத பெட்டியில் பழக வேண்டும் என்பதும் முக்கியம், தேர்வில் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட யாரும் இல்லை.

கடைசி நாலு நிமிடத்தில் எதைத் தேடுவது? நம் ஊர் இங்கிலீஷில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் அதிகமில்லை, ஒரு கையளவுதான். 'டிஸ்கஸ் அபவுட்', 'கோப் அப் வித்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'மைசெல்ஃப்' என்று தொடங்கும் அறிமுகம், 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று 'ஸ்' விட்டுப்போவது, ஒருமைக்குப் பன்மை வினை, 'அ'வும் 'த'வும் காணாமல் போவது. பேச்சில் இவை ஓடிவிடும், எழுத்தில் ஒவ்வொன்றும் மார்க்கைத் தின்னும். அவரவர் வழக்கமாகச் செய்யும் அஞ்சாறு பிழைகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதை மட்டும் தேடிப் பிடித்தால் போதும். நீள வாக்கியம் எழுதி வினை எங்கே போனது என்று தேடுவதைவிட, இரண்டாக உடைத்துவிடுவது நல்லது.

இமெயில் கேட்டால் இன்னும் சுலபம், ஆனால் அங்கே வேறொரு பேய் உண்டு. 'ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரெஸ்பெக்ட் ஐ பெக் டு ஸ்டேட்' என்று லீவ் லெட்டர் மொழி வந்துவிடும். 'டூ த நீட்ஃபுல்' என்று முடிந்துவிடும். ஆபீஸ் மெயிலில் முதல் வரியிலேயே விஷயம் வரவேண்டும்: என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். கெஞ்சலும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம்.

கட்டுரையை வைத்து மாணவரைத் தரம் பிரிப்பது உலகத்துக்கே பழைய வழக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-லேயே சேர வருபவர்களை இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொன்னது. அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ்களில் இப்படிப்பட்ட தேர்வு வைத்து, தேறாதவர்களை அடிப்படை இங்கிலீஷ் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அங்கே போனவர்களில் பலர் டிகிரியே முடிக்காமல் போனார்கள். 2017-ல் கலிஃபோர்னியா ஏ.பி. 705 என்ற சட்டம் போட்டு, தேர்வு மார்க்கை ஓரங்கட்டி, பள்ளியில் நாலு வருடம் படித்த பதிவை முன்னே வைத்தது. ஒரு மணி நேரத் தேர்வைவிட நாலு வருட உழைப்பு ஒரு பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லும் என்று அவர்களுக்குப் புரிய அவ்வளவு காலம் பிடித்தது. நம் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் குவியும் விண்ணப்பத்தைச் சலிக்க அவர்களுக்கு ஒரு சல்லடை வேண்டும், அதனால் தேர்வு இருக்கும்.

கல்லூரிகளிடம்தான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏழாவது செமஸ்டரில் கம்பெனி வரும் தேதி தெரிந்த பிறகு, வெளியூர் டிரெய்னரைக் கூப்பிட்டு மூன்று நாள் ஆடிட்டோரியத்தில் உட்கார வைப்பதால் எழுத்து வராது. அங்கே கிடைப்பது டெம்ப்ளேட்தான், மூன்று நாளில் வேறு எதைக் கொடுக்க முடியும்? மூன்றாவது செமஸ்டரிலிருந்து வாரம் ஒரு பீரியட், ஒரு பக்கம், சொந்தத் தலைப்பு என்று வைத்தால் இரண்டு வருடத்தில் ஒவ்வொருவரும் ஐம்பது அறுபது பக்கம் எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, அந்தந்தப் பிள்ளையின் பிழையைச் சிவப்பு மையில் காட்டித் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். அறுபது பேர் வகுப்புக்கு லெக்சரர் ஒருவரால் முடியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் தங்கவயலில் ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார்களுக்கும் டீச்சரம்மாக்களுக்கும் பஞ்சமில்லை. பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் ஆபீஸ் கரெஸ்பாண்டென்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். வாரம் பத்துப் பேப்பர் என்று பிரித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மரியாதையாகக் கூப்பிட வேண்டும், ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும்.